அறுபத்து நான்காவது கதவு

ஜனவரி 9, செவ்வாய்

டாலின் என் கதையைத் திருடிவிட்டான்.

திருடியவன் என் சொந்தத் தம்பி. வயது இருபத்து நான்கு. இருபதில் ஒரு கம்பெனியை விற்றவன், இன்று ஏழு கம்பெனிகளில் பணம் போட்டிருப்பவன், வாரம் ஒரு முறை பாட்காஸ்ட்டில் பேசி இந்தப் பள்ளத்தாக்கின் பையன்கள் பாதிப் பேரை வேலையை விடவைத்தவன். பாட்காஸ்ட்டின் பெயரே 'அறுபத்து நான்காவது கதவு'. அந்தக் கதவைத் தட்டியது நான்.

இன்று இருநூறாவது நிகழ்ச்சிக்கான பதிவு. டாலின் வீட்டுக் கீழ்த்தளம். நான் வழக்கம்போல ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம். பேசியதை வெட்டி ஒட்டுவது என் வேலை, நான்கு வருடமாக. "எங்கேருந்து ஆரம்பிச்சீங்க தம்பி?" என்று விருந்தாளி கேட்டார். டாலின் மூச்சை இழுத்துக்கொண்டான். எனக்கு மனப்பாடம்.

"பதினாறு வயசு. கூரை வாய்க்கால்ல அடைச்ச இலையை அள்ற வேலை. ஒரு ஏணி, ரெண்டு வாளி, அம்மாவோட பழைய வேன். நான் அறுபத்து மூணு கதவு தட்டினேன். ஒருத்தரும் சரின்னு சொல்லல. அறுபத்து நாலாவது கதவைத் திறந்தவர் மூக்குல ஆக்சிஜன் குழாயோட நிக்கிறார். 'வாய்க்கால் கெடக்கு, என் பூனை கூரை மேல மாட்டிக்கிச்சு, இறக்கித் தருவியா'ங்கறார்."

பூனையை இறக்கியவள் நான். ஏறியது ஏறியாயிற்று என்று வாய்க்காலையும் அள்ளிவிட்டு இறங்கினேன். அந்தப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரிடமும் சொல்லி, பதினோரு வீட்டு வேலை வந்தது. அவன் பிறகு விற்ற அந்தக் கம்பெனி பிறந்தது அப்படித்தான். பூனை பிறாண்டிய தழும்பு என் இடது முழங்கையில் இருக்கிறது.

டாலின் அப்போது எங்கே? வேனில். சீட்டுக்கு அடியில். அந்தத் தெருவில்தான் அவன் வகுப்பில் படித்த பிரின்லியின் வீடு. வாளியோடு அவள் கண்ணில் பட்டால் மானம் போய்விடுமாம்.

விருந்தாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒலி அளவைச் சரிசெய்தேன்.

ஜனவரி 14, ஞாயிறு

சபை முடிந்து வெளியே வரும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் தம்பி பேச்சைக் கேட்டுத்தான் எங்க பையன் காலேஜை நிறுத்திட்டான்." பாராட்டா, புகாரா? அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 20, சனி

என் தோழி லூப்பேயின் வெல்டிங் பட்டறையில் நாள் முழுக்க. என் கம்பெனி இங்கேதான் பிறக்கப்போகிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை.

இந்த ஊரில் கீழ்த்தளம் இல்லாத வீடு கிடையாது. கீழ்த்தளச் சன்னலுக்கு வெளிச்சம் வர மண்ணில் ஒரு குழி. அந்தக் குழியில் குழந்தை விழும், நாய் விழும், போன வருடம் ஒரு மான் விழுந்தது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் மூடி பனிக்கு வெடிக்கிறது. இரும்பு மூடியோ, தீ பிடித்தால் உள்ளேயிருந்து தூக்க முடியாத கனம். தன் தங்கை மகள் விழுந்து காலை உடைத்துக்கொண்ட பிறகு லூப்பே லேசான கம்பி மூடி ஒன்று செய்தாள். மேலே ஆள் நின்றாலும் தாங்கும். ஆறு வயதுப் பிள்ளை உள்ளேயிருந்து ஒரு கையால் தள்ளினால் திறக்கும். பதினைந்து வருடமாக வெல்டிங் செய்கிறவள். நான் விற்பேன், அவள் செய்வாள். ஆளுக்குப் பாதி. முதல் நாளே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

இனி வேண்டியது முதலீடு. வெள்ளிக்கிழமை கிம்பல் ஸ்டாடர்டைப் பார்க்கிறோம். அவர் சரி என்றால் வசந்தத்துக்குள் இருநூறு மூடி.

ஜனவரி 26, வெள்ளி

 

கிம்பல் எங்களை சோடாக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். பெரிய கோப்பையில் தேங்காய் க்ரீம் ஊற்றிய சோடாவைக் குடித்துக்கொண்டே மூடியைத் தட்டிப் பார்த்தார். லூப்பேயிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. என்னிடம், "வீட்டுக்காரர் என்ன பண்றார்மா?" என்றார். வீட்டுக்காரர் இல்லை என்றேன். "ஓ" என்றார், யாரோ இறந்துவிட்ட மாதிரி.

பிறகு, "நீங்க யாரு, உங்க கதை என்ன? அதைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஏணி, வாளி, அறுபத்து மூன்று கதவு, ஆக்சிஜன் குழாய், பூனை. பூனை வரும்போதே அவர் முகம் மாறிவிட்டது.

"இது டாலினோட கதையாச்சே."

"என்னோடதுங்க. தட்டினது நான்."

"குடும்பத்துல ஆளாளுக்கு ஒரே கதையை எடுத்துக்கறது நல்லால்லம்மா. நான் மூடியில பணம் போடறதில்ல, ஆள் மேல போடறேன். ஆள் உண்மையா இருக்கணும்."

தழும்பைக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சோடாக் கடையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இருபத்தேழு வயதில், தழும்பு. காட்டவில்லை.

திரும்பும்போது லூப்பே வண்டி ஓட்டினாள். "சாட்சிக்குப் பூனையைக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துத் தொலைத்தோம்.

ஜனவரி 27, சனி

கிம்பலிடமிருந்து ஒரு வரி: 'உங்கள் சொந்தக் கதை கிடைத்ததும் வாருங்கள்.'

பிப்ரவரி 1, வியாழன்

இன்று டாலினைப் பிடித்தேன். விளம்பரம் பதிந்துகொண்டிருந்தான் — தினமும் காலையில் குடிப்பதாகச் சொல்லும் அந்தப் பச்சைச் சத்துத்தூள். டப்பாவின் சீல் இன்னும் உடைக்கப்படவில்லை.

"டேய், கிம்பல் என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டார்."

"கேள்விப்பட்டேன். நீ ஏன்க்கா அந்தக் கதையைச் சொன்ன?"

"ஏன்னா அது எனக்கு நடந்தது."

"நீயும் இருந்த. யார் இல்லேன்னா?"

"எங்க இருந்தேன்?"

"வேன்ல."

நான் வேனில் இருந்தேனாம். சட்டைக் கையை மடித்தேன். "இது என்ன?"

"நீ சைக்கிள்ல விழுந்த. அம்மா கட்டுப் போட்டாங்க. மறந்துட்டியா?"

என்னைப் பயமுறுத்தியது அவன் கண். பொய் சொல்லும்போது டாலின் இடது காதைத் தொடுவான், சின்ன வயதிலிருந்து. இன்று தொடவே இல்லை. அவன் நம்புகிறான். கூரையின் ஓட்டுச் சில்லு உள்ளங்கையில் குத்தியதைக் கூட நினைவாகச் சொல்கிறான். அது என் உள்ளங்கை!

பிப்ரவரி 4, ஞாயிறு

உபவாச ஞாயிறு. காலி வயிற்றோடு பழைய ஹார்டு டிஸ்குகளைக் கிளறினேன். டாலின் இந்தக் கதையை முதலில் சொன்னது மூன்றாவது நிகழ்ச்சியில். வெட்டாத பதிவு இருக்கிறது. கேட்டேன்.

இருபது வயது டாலின், கொஞ்சம் திக்கித் திக்கி:

"உண்மையச் சொல்லணும்னா கதவு தட்டினது எங்கக்கா ஷேலி. நான் வேன்ல ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன். பூனைய இறக்கினதும் அவதான். கையெல்லாம் ரத்தம். வேனுக்கு வந்து என்னைப் பார்த்து, 'எந்திரிடா முதலாளி, வாளியத் தூக்கு'ன்னா."

நான்கு நிமிடம் பேசியிருக்கிறான். அழகாக, சிரிப்பாக. அவ்வளவும் இருக்கிறது.

வெட்டியது யார்? நான்.

இப்போது நினைவுக்கு வருகிறது. நாற்பது விநாடிக்கு மேல் போனால் கேட்பவன் அடுத்ததற்குத் தாவிவிடுவான் என்று எனக்கு ஒரு விதி இருந்தது. ஒளிந்திருந்த பகுதி அவனைக் கோமாளியாகக் காட்டியது, எடுத்தேன். அதை எடுத்ததும் அக்கா எதற்கு என்று புரியவில்லை, அக்காவையும் எடுத்தேன். 'அறுபத்து மூணு கதவு தட்டினா' என்பதில் 'தட்டினா' மட்டும் இடித்தது. வேறோர் இடத்திலிருந்து 'நான்' என்று ஒன்றும் 'தட்டினேன்' என்று ஒன்றும் தேடி ஒட்டினேன். அந்த 'நான்', 'நான் அன்னிக்கு மூணு பிட்ஸா தின்னேன்' என்ற வாக்கியத்திலிருந்து எடுத்தது.

நல்ல வேலை. ஒட்டிய இடமே தெரியாது. மேடை ஏறும் முன்பெல்லாம் டாலின் அந்த நாற்பது விநாடியைத்தான் காதில் மாட்டிக்கொண்டு மனப்பாடம் செய்வான். நான்கு வருடம்.

பிப்ரவரி 5, திங்கள்

லூப்பேயிடம் சொன்னேன். "அப்ப திருடனுக்கு ஏணி பிடிச்சதே நீதானா?" என்றாள். வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டாள். உள்ளே சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

டாலினுக்குப் போட்டுக் காட்டினேன். 'எந்திரிடா முதலாளி' வந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

"நீதானே வெட்டின?"

"ஆமா. தப்பு என்னுது. இப்ப நீ நேராக்கு. நிகழ்ச்சியில ஒரு தடவை சொன்னா போதும். நாற்பது விநாடி."

"இந்தக் கதையை வச்சு நான் எழுதின புத்தகம் அச்சுக்குப் போயிடுச்சுக்கா. அட்டையில கதவுதான் போட்டிருக்காங்க."

"கதவு இருக்கட்டும். தட்டின ஆளை மாத்து."

"ரெண்டாம் பதிப்புல நன்றிப் பக்கத்துல உன் பேரை—" இப்போது காதைத் தொட்டான்.

ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான்கு வருட வேலை, முடிந்தது.

கோபம் அவன் மேல் மட்டும் இல்லை. கடவுளுக்காகப் பராகுவேயில் பதினெட்டு மாதம் கதவு தட்டினேன். அந்த ஊழியத்துக்குப் புறப்பட்டபோது கம்பெனியில் நாங்கள் இரண்டு பேர். திரும்பியபோது பன்னிரண்டு பையன்கள், மூன்று வேன், ஒரு முதலாளி. யாரும் என்னை விரட்டவில்லை. நானே, "உனக்கு உதவி வேணுமாடா?" என்று கேட்டுக்கொண்டு போய் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இந்த ஊரில் பெண்ணை வெட்ட ஆண் தேவையில்லை. கத்தரியை நம் கையிலேயே கொடுத்து, கைவேலை சுத்தம் என்று பாராட்டுவார்கள். எனக்குப் பாராட்டு பிடித்திருந்தது. அதுதான் அசிங்கம்.

மார்ச் 16, சனி

முதலீடு இல்லை. அதனால் ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொன்றாக விற்கிறோம். இன்று பத்தொன்பது வீடு ஏறினேன். கதவைத் திறந்தவர்களில் ஒருவர் கூட என் கதை என்ன என்று கேட்கவில்லை. என்ன கனம் என்று கேட்டார்கள். துரு பிடிக்குமா என்று கேட்டார்கள். எத்தனை நிம்மதி!

ஒரு வீட்டில் தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்கிற ஆள். தானே குழிக்குள் இறங்கி இருபது தடவை தள்ளிப் பார்த்தார். "இதை யாரும்மா செஞ்சது?" லூப்பேயை வண்டியிலிருந்து இறக்கி முன்னால் நிறுத்தினேன். அரை மணி நேரம் கீலைப் பற்றியே பேசினார்கள். நான் கால் விறைக்கப் பனியில் நின்றேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. நெடுஞ்சாலை ஓரம் விளம்பரப் பலகை: டாலின், கையைக் கட்டிக்கொண்டு, பின்னால் சிவப்புக் கதவு. லூப்பே ஹாரனை அழுத்தி மரியாதை செலுத்தினாள்.

அந்த வீட்டுக் கதவு பழுப்பு. கீழ்ப்பாதி நாய் பிறாண்டியது.

ஏப்ரல் 27, சனி

தீயணைப்புக்காரர் தன் நிலையத்தில் காட்டியிருக்கிறார். அங்கே வேலை செய்கிறவர்கள் தங்கள் வீடுகளுக்கு நாற்பத்தாறு மூடி கேட்டிருக்கிறார்கள். லூப்பே இன்னொரு வெல்டரைச் சேர்த்தாள். அவள் மச்சான். முதல் நாளே தாமதம்.

கிம்பல் கூப்பிட்டார். 'இப்போ உங்களுக்குன்னு ஒரு கதை இருக்கு' என்றார். பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். லூப்பேயிடம் கேட்டேன். "சோடா நல்லாருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான் பதில். கிம்பலை நான் திரும்பக் கூப்பிடவில்லை.

மே 21, செவ்வாய்

இணையத்தில் ஒரு ஆர்டர். புது வீடு, ஆறு குழி. பெயர்: டாலின். குறிப்பு என்ற இடத்தில்: 'சொந்தக்காரங்களுக்குக் குறைச்சுத் தருவீங்களா?'

'இல்லை' என்று பதில் போட்டேன். அப்படியே வாங்கிக்கொண்டான்.

ஜூன் 8, சனி

டாலின் வீட்டில் மாட்டிவிட்டு வந்தோம். ஐந்தை முடித்ததும் லூப்பே சாப்பிட வண்டிக்குப் போய்விட்டாள். ஆறாவதை நானும் அவனும் தூக்கினோம். பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறோம். மெலிந்திருக்கிறான். என் சாமான் பெட்டியை, சொல்லாமலே, அவனே தூக்கி வந்தான்.

எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதைத்தான் அவனிடமும் சொன்னேன். "கீழ போய் உள்ளேருந்து ஒரு தடவை தள்ளிப் பாருங்க சார்."

சன்னல் வழியாகக் குழிக்குள் வந்து ஒரு கையால் தள்ளினான். திறந்தது.

"பிரமாதம்க்கா. நிகழ்ச்சிக்கு வா. உன் கதையைச் சொல்லு."

"எந்தக் கதை?"

"இதுதான். மூடி, லூப்பே, தீயணைப்புக்காரர். ஜனங்க அழுதுடுவாங்க."

மூடியை இறக்கினேன். அதன் மேல் ஏறி நின்றேன். தாங்கும், எனக்குத் தெரியும். கம்பிகளுக்கு நடுவே அவன் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

"மைக் இல்ல. புத்தகம் இல்ல. ஊருக்குச் சொல்ல வேண்டாம், என்கிட்ட மட்டும் சொல்லு. அந்தக் கதவைத் தட்டினது யாரு?"

மேலே பார்த்தான். பிறகு மூடியின் ஓரத்தைப் பார்த்தான். விரலால் ஒரு திருகாணியைத் தடவினான்.

"இந்த ஆணி துரு பிடிக்காதுல்ல?"

"பிடிக்காது. சொல்லு, டாலின். யாரு தட்டினது?"