அடிபம்பில் இறங்குவது அருள் அல்ல, மின்சாரம்

அனுப்புநர்:
சி. திரௌபதி (வயது 49),
க/பெ. சின்னசாமி,
இட்லிக் கடை, கிரிவலப் பாதை,
அடி அண்ணாமலை, திருவண்ணாமலை.

பெறுநர்:
உயர்திரு மின் ஆய்வாளர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: செல்போன் டவரின் எர்த்து இணைப்பை எங்கள் அடிபம்பிலிருந்து அகற்றவும், அதில் இருப்பது மின்சாரமே என்று எழுத்துமூலம் சான்று வழங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் பதினோரு வருடமாக இட்லிக் கடை நடத்தி வருகிறேன். கடையை ஒட்டி எங்களுக்குச் சொந்தமான அடிபம்பு உள்ளது. பாத்திரம் கழுவுவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, கிரிவலம் வருபவர்கள் கால் கழுவுவது எல்லாம் அதில்தான்.

2. கடந்த தை மாதம் பக்கத்துக் காலிமனையில் ஒரு தனியார் நிறுவனம் செல்போன் டவர் அமைத்தது. எர்த்துக் குழி தோண்ட வந்தவர்கள் மூன்றடியில் பாறையைக் கண்டதும் கடப்பாரையைப் போட்டுவிட்டு என் கடையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பம்பின் போர் எத்தனை அடி ஆழம் என்று கேட்டார்கள். இருநூறு அடி என்று பெருமையாகச் சொன்னேன். அது என் தவறு. மறுநாள் நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், டவரின் எர்த்துப் பட்டையை இழுத்துவந்து என் பம்புக் குழாயில் போல்ட்டு போட்டு முடுக்கிவிட்டார்கள். கேட்டதற்கு, மேற்பார்வையாளர் மாறன் என்பவர், "உங்க பைப்புல ரீடிங் சூப்பரா வருதுக்கா, இந்த ஏரியாவுலயே இப்படி ஒரு எர்த்து கெடையாது" என்று பாராட்டினார். நான் பாராட்டுக் கேட்கவில்லை ஐயா.

3. விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது எங்கள் பசு. பங்குனியிலிருந்து அது பம்புப் பக்கமே வர மறுத்தது. பிறகு எனக்கும் ஈரக்கையோடு பிடித்தால் முழங்கை வரை சுர்ரென்றது. "ஒனக்கு சக்கரை இருக்கும்மே" என்றார் என் கணவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தேன். சர்க்கரை இல்லை. அறிக்கையின் நகல் இணைத்துள்ளேன்.

4. சித்திரைப் பௌர்ணமியன்று கால் கழுவ வந்த ஒருவர் பம்பைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டு, "இங்க இன்னாமோ இருக்கு" என்றார். பின்னால் நின்றவரும் பிடித்தார். அவருக்கும் இருந்தது. ஒரே வாரத்தில் பம்புக்கு மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி எல்லாம் வந்துவிட்டன. "அதிர்வுச் சித்தர்" என்று பெயரும் வந்துவிட்டது. அதுவரை ஒரு குடம் தண்ணீர் தூக்காத என் கணவர், விடியற்காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, "ஒவ்வொருத்தரா வாங்க, ரெண்டு கையாலயும் புடிங்க" என்று வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அங்கே பாத்திரம் கழுவக்கூடாதென்று எனக்கே தடை விதித்தார்.

5. எங்கள் தெருவிலுள்ள ஓய்வுபெற்ற லைன்மேன் திரு. கண்ணாயிரத்தை அழைத்தேன். அவர் டெஸ்டரை வைத்தவுடன் விளக்கு எரிந்தது. "அக்கா, டவருக்கு வர்ற லைன்ல நியூட்ரல் அந்துபோச்சு. கரண்டு திரும்பிப் போக வழியில்லாம உங்க பைப்புல எறங்குது. பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி, போன் ஜாஸ்தி, அதான் கரண்டும் ஜாஸ்தி" என்றார். கணவரிடமும் கூட்டத்திடமும் சொன்னேன், யாரும் நம்பவில்லை. அன்றே நிறுவனத்துக்குப் போன் செய்து புகார் சொன்னேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று பத்து நிமிடத்தில் குறுஞ்செய்தி வந்தது. சிக்னல் நன்றாகவே இருந்தது.

6. ஆனிப் பௌர்ணமி மாலை மழை தூறியது. போளூரைச் சேர்ந்த தையற்காரர் திரு. மணி, வெறுங்காலோடு சேற்றில் நின்று பம்பை இரண்டு கையாலும் பிடித்தார். விடவில்லை. உடம்பு உதறியது. கூட்டம் அரோகரா போட்டது. என் கணவர் கற்பூரம் ஏற்றினார். நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன் ஐயா. அது சாமி வந்த முகம் இல்லை. அவர் கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்குள் ஓடி, காய்ந்த மரத்தாலான ஒட்டடைக் கம்பை எடுத்துவந்து, அவர் மணிக்கட்டில் இரண்டு அடி அடித்தேன். பிடி விட்டு விழுந்தார். மூன்றாவது அடி என் கணவர் மேல் விழுந்தது. அதைத் தவறுதலாக என்று எழுதச் சொல்கிறார்கள். மனுவில் பொய் எழுத எனக்கு விருப்பமில்லை.

7. அருள் வந்திருந்த பக்தரை அடித்ததாகக் கூட்டத்திலிருந்த சிலர் என்மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துள்ளனர். விசாரித்த காவலர், "அது கரண்டுதான்னு எழுத்துல கொண்டாங்கம்மா" என்கிறார்.

8. ஒரு வாரம் கழித்து மணி இரு உள்ளங்கையிலும் கட்டுடன் கடைக்கு வந்தார். "உடுங்கடா உடுங்கடான்னு மனசுக்குள்ள கத்திக்கினு இருந்தேன்க்கா. வாய் வரல. எல்லாரும் என்னைக் கும்பிட்டுக்கினு இருந்தாங்க" என்று அழுதார். கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் எழுந்துபோய், சிவப்புத் துணியை அவிழ்த்து அடுப்பில் போட்டார். அன்றுமுதல் பம்புக்கு முன் உட்கார்ந்து, "தொடாதீங்க, ஷாக் அடிக்கும்" என்று வருகிறவர்களை விரட்டுகிறார். தொடவிடாத சாமியார் என்று இப்போது அவர் காலைத் தொடுகிறார்கள். கூட்டம் குறையவில்லை.

9. ஆகவே, அந்தப் பட்டையை உடனே கழற்றி, அறுந்த நியூட்ரலைச் சரிசெய்து, நிறுவனம் தன் மனையிலேயே பாறையைத் துளைத்து முறையாக எர்த்து எடுக்க உத்தரவிடுமாறும், மேற்படி சான்றை வழங்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பௌர்ணமி ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. அதற்குள் தாங்கள் நேரில் வரவேண்டும்.

10. வரும்போது பம்பருகே செருப்பைக் கழற்றச் சொல்லிக் கூட்டத்தினர் தங்களை வற்புறுத்துவார்கள். தயவுசெய்து கழற்ற வேண்டாம் ஐயா.

நாள்: 21.07.2025
இடம்: அடி அண்ணாமலை

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
சி. திரௌபதி

சாட்சிகள்:
1. கண்ணாயிரம் (ஒப்பம்)
2. மணி (கையில் கட்டு இருப்பதால் கைநாட்டும் வைக்க இயலவில்லை, நேரில் வந்து சொல்வார்)