சிலிர்க்காத கிடா

கூட்டு ரோடு, சூளகிரி வழி,
வைகாசி மாதம், 1992

அன்பு மகள் ராஜாத்திக்கு, உன் அப்பன் ஆஞ்சப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மாமன் திம்மப்பனும் ஒரு கிடாவும் நலம். அங்கே புனாவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க மாரியம்மன் துணை. இது யாரிடமும் சொல்லி எழுதவைத்த கடிதம் இல்லை, அறிவொளி வகுப்பில் படித்து நானே எழுதுகிறேன், காலையில் தொடங்கினேன், இப்போது பால் கறக்கும் நேரம் ஆகிவிட்டது, உன் பெயரை மட்டும் இன்னொரு தாளிலும் எழுதிப் பார்த்தேன், அழகாக இருக்கிறது.

கிடா ஏது என்று கேட்பாய். போன தடவை நம் கூட்டு ரோட்டில் பஸ் நிற்காமல் சூளகிரியில் இறங்கி வெயிலில் நடந்து வந்தாயே, இந்தத் தடவை பிரசவத்துக்கு வரும்போது அப்படி நடக்கவிடக் கூடாது என்று மாமனிடம் சொல்லியிருந்தேன். அப்போது அவன் நம் ஊர்க் கட்சித் தலைவருக்கு வலது கை. காரில் முன் சீட்டு அவனுக்கு, தலைவர் துண்டு அவன் தோளில், தலைவர் இருமினால் இவன் தண்ணீர் குடிப்பான். கம்பெனி வேலை கேட்டு வருகிறவர்கள் முதலில் இவனைத்தான் கும்பிடுவார்கள். "பஸ்சு என்னா மாமா பஸ்சு, தலைவர் காதுல போட்டா ரயிலே நிக்கும்" என்றான். அந்த ரோட்டில் தண்டவாளமே இல்லை, ஆனாலும் நம்பினேன்.

தேர்தலில் ஜெயித்தால் கிடா வெட்டுவதாகத் தலைவர் வேண்டியிருந்தார், ஜெயித்தார். மாமன் குந்தாரப்பள்ளிச் சந்தையில் கிடா வாங்கி நம் வீட்டில் கட்டினான். மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் அது உடம்பைச் சிலிர்த்தால்தானே அம்மன் சம்மதம், கூட்டத்தில் சிலிர்க்காவிட்டால் தலைவருக்கு அவமானம் என்று பயந்து, தினமும் விடிந்ததும் ஒரு சொம்பு ஊற்றி ஒத்திகை பார்த்தான். "டேய், அதுக்குத் தண்ணி பழகிப்போவும்டா, உட்டுடு" என்று உன் அம்மா சொன்னதைக் கேட்கவில்லை.

திருவிழா அன்று தலைவர் செருப்பில்லாமல் வெயிலில் நிற்கிறார், பூசாரி ஊற்றுகிறார், கிடா கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நிற்கிறது. குடம் குடமாக ஊற்றியும், இந்தப் பக்கமும் ஊற்று என்பது போலத் திரும்பி நின்றதே தவிர அசையவில்லை. "நாம ஓட்டுப் போட்டோம், ஆத்தா போடல போல" என்று வளையல்காரி சாந்தம்மா சொன்னதும் ஊரே சிரித்தது. தலைவர் மாமன் தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். முன் சீட்டில் தலைவரின் இன்னொரு ஆள் மாடசாமி உட்கார்ந்தான். மாமன் கிடாவோடு நம் வீட்டுக்கு நடந்து வந்தான். உனக்கு பஸ் நிறுத்தும் வழியும் அதோடு போயிற்று.

அம்மன் வேண்டாம் என்ற கிடாவை யார் வெட்டுவார்கள், அவிழ்த்துவிட்டோம். அதற்குக் குளிக்காமல் இருக்க முடியவில்லை. தினமும் கூட்டு ரோட்டில் லாரி கழுவுகிற இடத்துக்கு நடு ரோட்டிலேயே போகிறது. கழுத்தில் மாலை, நெற்றியில் மஞ்சள், அம்மன் ஆடு என்று பயந்து பெங்களூர் பஸ்கூட நின்றுவிடுகிறது, நம் ஜனங்கள் ஏறி இறங்கிக்கொள்கிறார்கள். தலைவர் பின்னால் நடந்த அதே நடையில், அதே வெள்ளைச் சட்டையில், மாமன் கிடாவுக்குக் குடை பிடித்துப் போகிறான். ஹாரன் அடித்தால், "இருய்யா, இப்பத்தான் குளிச்சிட்டு வராங்கோ" என்கிறான்.

பப்பாளி தொடாதே, கனம் தூக்காதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். அம்மன் உங்களைக் காப்பாள். பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, நானே படிக்க வேண்டும். எந்த பஸ்சில் வருகிறாய் என்பதை மறக்காமல் எழுது, அந்த நேரத்துக்குக் கிடாவைக் குளிக்க அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காத உன் அப்பன்,
ஆஞ்சப்பன்