இனியாவுக்கு ஊட்டிய பாயசம்

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பாலமுருகனுக்கு அப்பா தனகோடி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தீபாவும் நலம், குழந்தை இனியாவும் தேறி நலமாக இருக்கிறாள், மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிற ராஜவேலு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். குழந்தையை மருத்துவமனையில் சேர்த்ததற்கு நீ தீபாவைத் திட்டினாயாம், ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டாயாம், உன் அம்மா சொன்னாள். அவள் மேல் தப்பு இல்லையப்பா. பால் சேர்ந்த பாயசத்தை ஊட்டியது நான்.

பசும்பால் பட்டால் குழந்தைக்கு வாந்தி வருகிறது என்று தீபா வேலூருக்குக் கூட்டிப்போய் இரத்தம் கொடுத்து வந்தாளே, அந்த ரிப்போர்ட்டில் அலர்ஜியைக் காட்டும் ஐ.ஜி.இ. என்கிற எதிர்ப்புப் பொருள் பாலுக்கு இல்லை என்று இருந்ததை நான் பிடித்துக்கொண்டேன். சில குழந்தைகளுக்கு அலர்ஜி அந்த ஐ.ஜி.இ. வழியாக வராது, வேறு எதிர்ப்பு அணுக்கள் குடலில் கிளம்பி வரும், அதனால் அந்தச் சோதனையில் தெரியாது, தடிப்பும் அரிப்பும் இல்லாமல் சாப்பிட்டு நேரம் கழித்துத்தான் வாந்தி ஆரம்பிக்கும் என்று டாக்டர் விளக்கியதை அவள் பொறுமையாக என்னிடம் சொன்னாள். நான் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. சேத்துப்பட்டில் உன் அத்தை செல்லியம்மாள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், காலைப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ரிப்போர்ட்லயே ஒண்ணுமில்ல, இவ போனப் பாத்துகினு சும்மா பயந்துகினு இருக்கறா என்று நாலு பேர் எதிரில் பேசினேன், எல்லோரும் சிரித்தார்கள். தீபா பரிமாற உள்ளே போன நேரத்தில் என் இலைப் பாயசத்தைக் குழந்தைக்கு ஊட்டினேன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வீடு வந்து சேர்ந்ததும் ஆரம்பித்தது. வாந்தி நிற்கவே இல்லை, வெளிறிப்போய் தோளில் துணி மாதிரி துவண்டாள். மருத்துவமனையில் இரத்தம் பார்த்தால் வெள்ளை அணுக்கள் ஏகத்துக்கும் ஏறியிருந்தன, இரத்தத்தில் கிருமி பரவியிருக்குமோ என்று டாக்டரம்மா பயந்தார். குழந்தை என்ன சாப்பிட்டது என்று கேட்டார், தீபா இட்லியும் வாழைப்பழமும் என்றாள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் பக்கத்தில்தான் நின்றேன் பாலு, வாயைத் திறக்கவில்லை. அன்று காலையில் நான் கேலி பேசிய மருமகள் எதிரில் தலை குனிய வேண்டுமே என்பதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள், குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. கிருமி மூளை வரைக்கும் போயிருக்கிறதா என்று முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று தீபாவிடம் தாளை நீட்டினார்கள். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடக் குனிந்த பிறகுதான் சொன்னேன், "பால் பாயசம் குடுத்தேம்மா, நான்தான் குடுத்தேன்."

"எவ்ளோ குடுத்தீங்க மாமா, எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. டாக்டரம்மா வேலூர் டாக்டரிடம் போனில் பேசினார். இந்த அலர்ஜியிலும் வெள்ளை அணுக்கள் இப்படி ஏறும், பார்ப்பதற்குக் கிருமித் தொற்று போலவே இருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். முதுகு ஊசியை நிறுத்தி வைத்து, ட்ரிப்ஸும் வாந்திக்கு மருந்தும் கொடுத்தார்கள். பொழுது சாயும்போது இனியா எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

அடுத்த வாரம் சேத்துப்பட்டுக்குப் போய், அன்று சிரித்தவர்கள் எதிரிலேயே நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். உடுண்ணா, தெரியாம செஞ்சதுதானே என்றாள் செல்லியம்மாள். ஊட்டியது தெரியாமல் செய்தது, சொல்லாமல் நின்றது தெரிந்தே செய்தது, அதை அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன். தீபாவிடம் மன்னிப்புக் கேட்டேன், இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிடுங்க மாமா என்றாள், அவ்வளவுதான். உன்னிடம் அத்தனை திட்டு வாங்கியும் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. நேற்று குளிக்கப் போகும்போது குழந்தையை என் மடியிலேயே உட்காரவைத்துவிட்டுப் போனாள். இனியா என் முகத்தைத் தொட்டுத் தொட்டுச் சிரிக்கிறாள், என்னால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.

இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே, முதலில் தீபாவுக்குப் பண்ணு. என் தப்புக்கு நான் கேட்டுக்கொண்டேன், நீ பேசியதற்கு நீதான் கேட்க வேண்டும். வளர வளர இது சரியாகிவிட வாய்ப்பு அதிகம் என்கிறார் டாக்டர், அதுவரைக்கும் குழந்தை சாப்பாட்டில் தீபா சொல்வதுதான் இந்த வீட்டில் சட்டம். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. நீயும் தீபாவும் இனியாவும் நோய்நொடி அண்டாமல் நல்லபடியாக வாழ என் மனப்பூர்வமான ஆசி. பொங்கலுக்கு வரும்போது சாக்லேட் வாங்கி வராதே, அதிலும் பால் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
தனகோடி