வண்டி மேல் போட்ட பழி

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. என் பையன் தருணுக்குப் புது டாக்டர், தாம்பரத்தில். வாங்க: காது மெஷின் பேட்டரி, ரவை, டயப்பர்.

ஆட்டோக்காரர்: "ரோடு பேஜாரா கீதுக்கா, புள்ளையக் கெட்டியா புடிச்சுக்க." ஆறு வயசு. கழுத்து இன்னும் நிற்கவில்லை. மடியில் இறுக்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா பழைய ஸ்கேனைப் பார்த்தார். "எதனால இப்படி ஆச்சுன்னு நினைக்கிறீங்க?"

வழக்கமான பதில்தான். இவன் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வரை மறைமலை நகர் ஸ்கூலுக்குப் பாடம் நடத்த ஸ்கூட்டியில் போனேன், ஜிஎஸ்டி ரோடு குலுக்கல். அத்தை, அதாவது மாமியார், சொல்வது அதுதான். சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வதும் அதுதான்.

"வண்டி ஓட்டினா பெருமூளை வாதம் வராதும்மா. பிறந்ததும் மஞ்சள் காமாலை இருந்துச்சா?"

இருந்தது.

"ரொம்ப ஏறி, உடனே இறக்கலைன்னா மூளையைப் பாதிக்கும். காது கேட்காதது, உடம்பு முறுக்குறது, ஸ்கேன், எல்லாமே அதோட ஒத்துப்போகுது."

பக்கத்தில் என் கணவர் ரமேஷ். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. இட்லி மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் நாசம்.

ஏன் தலையைக் குனிந்தீர்கள் என்று கேட்டேன். மழுப்பினார். விடவில்லை.

"டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் ஆஸ்பத்திரிலேந்து எனக்குப் போன் வந்துச்சு. ரத்த டெஸ்ட்ல மஞ்சள் ஏறியிருக்கு, உடனே தூக்கிட்டு வாங்கன்னாங்க. பிளான்ட்ல டூட்டி. நாளைக்குப் போலாம்னு இருந்துட்டேன்."

நாளைக்கு! அதற்குள் பிள்ளை பால் குடிப்பதை விட்டு வில்லாக வளைந்துவிட்டான். போன் வந்ததே தெரியாமல் நானும் அத்தையும் வாசலில் இளவெயில் காட்டிக்கொண்டிருந்தோம்.

ராசியில்லாத வண்டி என்று ஸ்கூட்டியை விற்றதும் இவர்தான். நான் அழுதபோதெல்லாம் தலையைத் தடவி, "விடு, தெரியாமத்தானே பண்ணின" என்பார். அடப்பாவி. என்னை மன்னித்தாராம்!

நவம்பர் 6, வியாழன்

கேஸ் புக் பண்ணியாச்சு. குக்கர் விசிலுக்குத் தருண் சிரித்தான். புது பேட்டரி.

இவரோடு பேச்சு இல்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவிவைத்துவிட்டு வந்து நின்றார். "அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. தாங்க மாட்டாங்க."

"நான் தாங்கினேனே?"

சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல வெயில். துணியெல்லாம் மொட்டை மாடியில். மாடம்பாக்கத்திலிருந்து அத்தை, முறுக்கு டப்பாவோடு.

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். தருணைப் பார்த்து, "பையனுக்கு என்னங்க?"

அத்தை ஆரம்பித்துவிட்டார். "என்னத்தச் சொல்ல. மாசமா இருக்கும்போது இவ வண்டியை எடுத்துக்கிட்டு..."

இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தேன். "உட்காருங்கக்கா, காபி போடறேன். அதுக்குள்ள அந்த ஆஸ்பத்திரி போன் கதைய இவரே சொல்வாரு."

அத்தை மகன் பக்கம் திரும்பினார்.

"எந்தப் போன்டா?"