ஷோகேஸ் சாவி

பாபநாசம்
12.7.2025

பாசமுள்ள மச்சானுக்கு, தஹ்மீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் சுமையாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உங்களுக்கு மஸ்கட் வெயிலில் இந்த வருடமும் தலைவலி வருகிறதா என்று தெரியவில்லை. போனில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வீர்கள்.

தினமும் பேசிக்கொண்டே கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நாம் பேசும்போதெல்லாம் சுமையா என் மடியில்தான் இருக்கிறாள். அவளைப் பற்றி அவள் காதுபட எதைச் சொல்வது? அதனால்தான் உங்கள் கூட்டாளி தௌபீக் அண்ணன் திங்கட்கிழமை புறப்படுகிறார் என்றதும் எழுத உட்கார்ந்தேன். அவரிடம் முறுக்கும் கருவாடும் இட்லிப்பொடியும் கொடுத்திருக்கிறேன். கருவாட்டை நன்றாகச் சுற்றித்தான் வைத்திருக்கிறேன், பெட்டி நாறாது.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நம் வயலைக் குத்தகைக்குப் பார்க்கும் அந்தோணிமுத்து அண்ணன் குறுவை நட்டு முடித்துவிட்டார். கொல்லை மோட்டார் மறுபடி காற்று இழுத்தது, பிளம்பர் வந்து வாஷர் மாற்றினார். மழை பெய்தால் மாடியறையில் இன்னும் சொட்டுகிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி சுமையா விஷயம். பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம் எல்.கே.ஜி. டீச்சர் வானதி என்னை நிறுத்திப் பேசினார். நல்ல பெண், குறை சொல்லும் ஆள் இல்லை. "மத்த பிள்ளைங்க பொம்மைக்கு அடிச்சுக்குது மேடம். உங்க பொண்ணு கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னு பார்க்குது. கையில கொடுத்தாக்கூட வாங்கி, திரும்ப அலமாரியில வச்சிட்டு வந்து நிக்குது" என்றார். கேட்டதற்குப் பதில் சொல்கிறாளாம், தானாக ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். களிமண்ணைக் கொடுத்தால் அழுத்தத் தெரியாமல் விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கை துடைக்கிறாளாம். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றார்.

மச்சான், அன்று நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே நினைவில்லை. உங்களிடம் சளி என்று சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனது இதற்காகத்தான்.

குழந்தை டாக்டர் அம்மா காதைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. மேசையில் மரக்கட்டைகளைப் பரப்பினார். சுமையா அழகாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வீட்டுல என்ன விளையாடுவா?" என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தீயணைப்பு வண்டி, கண் மூடித் திறக்கும் பொம்மை, ரயில், பியானோ, அடுப்படி சாமான் செட். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் வாங்கினதும்மா. விளையாடினது எது?" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

மனையியல் பட்டம் வாங்கியவள் நான். குழந்தை வளர்ச்சி என்று ஒரு தாள் முழுக்க எழுதித் தேறியிருக்கிறேன். விளையாட்டுதான் அந்த வயதின் வேலை என்று அதில் எழுதியும் இருப்பேன். ஆனால் அந்த டாக்டர் சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோல இருந்தது. பேச்சு, விரலுக்கு வலு, பயம் தெளிவது, இன்னொரு பிள்ளையோடு சேருவது எல்லாம் இந்த வயதில் விளையாட்டு வழியாகத்தான் வருமாம். "மருந்து எதுவும் எழுதலை. விளையாட விடுங்க, நீங்களும் கூட உட்காருங்க. செப்டம்பர்ல கூட்டிட்டு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா வேற டெஸ்ட் எடுத்துப் பார்க்கணும்" என்றார். என்ன டெஸ்ட் என்று கேட்காமலே அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் அய்யம்பேட்டை தாண்டும்வரை அந்த 'வேற டெஸ்ட்' மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்றும் ஓடுகிறது.

நம் வீட்டு ஷோகேஸ் எப்படி நிறைந்தது என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நீங்கள் முதல் லீவில் வந்தபோது பெட்டியின் அடியில் அந்தத் தீயணைப்பு வண்டி இருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் ஒன்று. வீட்டில் பிள்ளை இல்லாத அத்தனை வருடமும், வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடிக் கதவைத் திறந்து தூசி தட்டி, பிளாஸ்டிக் உறை கிழியாமல் திரும்ப வைத்துப் பூட்டுவேன். அது எனக்குப் பிள்ளை கேட்டுச் செய்யும் துஆ மாதிரிதான் இருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து அவள் பிறந்தாள். அவளுக்காகக் காத்திருந்த சாமான்களை அவளிடமிருந்தே பத்திரப்படுத்தினேன். கைநீட்டும்போதெல்லாம், "கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாரு தங்கம்" என்றேன். வருகிறவர்கள் எல்லாம் என்ன அடக்கமான பிள்ளை என்றார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. நீங்களும் வீடியோவில் வந்ததும் ஷோகேஸைக் காட்டச் சொல்லி, "எல்லாம் பத்திரமா இருக்காடா?" என்றுதான் அவளிடம் முதலில் கேட்பீர்கள். வருத்தப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை.

தஞ்சாவூரிலிருந்து வந்த மறுநாளே எல்லாவற்றையும் வெளியே எடுத்து உறைகளைக் கிழித்தேன். உள்ளே பேட்டரிகள் பச்சையாகக் கசிந்திருந்தன. பியானோ பேசவில்லை. பொம்மையின் கவுன் தொட்டதும் பொடிந்தது. சுமையா ஒன்றையும் தொடவில்லை. "அத்தா திட்டுவாங்க" என்று மட்டும் உங்களைச் சொன்னாள்.

அடுத்த வீட்டு லத்தீஃபாவின் மகன் அப்சரைக் கூப்பிட்டேன். ஐந்து வயது, வால் இல்லாத குறைதான். வந்த வேகத்தில் தீயணைப்பு வண்டியை எடுத்துத் தரையில் இழுத்துச் சுவரில் மோதினான். என்னை அறியாமல் "டேய், கீழ வைடா" என்று கத்திவிட்டேன். "கீழதான பெரியம்மா ஓட்டுறேன், மேலயா ஓட்டுறேன்?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போனான். திரும்பிப் பார்த்தால் சுமையாவின் கை பின்னால் போயிருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் ஒன்று தோன்றியது. கொல்லையில் மோட்டார்த் தண்ணீர் விழுந்து சேறாகிக் கிடக்குமே, அந்த இடத்தில் போய் நானே உட்கார்ந்தேன். வண்டியைச் சேற்றில் ஓட்டினேன். வாயால் ஹாரன் அடிக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. லத்தீஃபா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னக்கா, லைசென்ஸ் எடுக்கப் போறியா?" என்றாள். நான் நிறுத்தவில்லை. சுமையா படியிலேயே நின்றாள். மறுநாளும் ஓட்டினேன், அன்றும் படியில்தான். அதற்கடுத்த நாள் ஒரு படி இறங்கி வந்து, "வண்டி வந்துடுச்சு. தீ எங்கம்மா?" என்று கேட்டாள்.

மச்சான், அவள் தானாகக் கேட்டது அது. அவளே போய் ஒரு செம்பருத்தியைப் பறித்துவந்து சேற்றில் குத்தி வைத்து, "இதான் தீ" என்றாள். அணைக்கும்போது வண்டியின் ஏணி ஒடிந்துவிட்டது. நீங்கள் முதல் லீவில் வாங்கிவந்த அதே ஏணிதான். ஒட்டவைக்க முடியுமா என்றுதான் முதலில் பார்த்தேன், உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏணி இல்லாம அணைக்கலாமே" என்றேன். அவள் கை பின்னால் போகவில்லை. வீடியோவில் பார்த்து நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

இப்போது அப்சர் தினமும் வருகிறான். இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சமைக்கிறேன்.

ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். கூடத்தில் சோறாக்கி விளையாடினார்கள். எனக்கும் அப்சருக்கும் மண்சோறு வைத்தாள். ஷோகேஸில் கழுத்தில் டை கட்டிய கரடி பொம்மை ஒன்று இருந்ததே, அதைத் தூக்கி வந்து "இது அத்தா" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தாவுக்குச் சோறு வை என்றேன். தட்டைத் தூரத்தில் பிடித்துக் காட்டினாள், ஊட்டவில்லை. பிறகு கரடியைக் கொண்டுபோய்க் காலியாகக் கிடந்த ஷோகேஸின் நடுத்தட்டில் உட்காரவைத்து, கண்ணாடியைச் சாத்தி, பூட்டிலேயே தொங்கிய சாவியைத் திருப்பினாள். "எங்க அத்தா என்னைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பாரு" என்றான் அப்சர். "எங்க அத்தாவைத் தொடக்கூடாது. பார்க்கத்தான் செய்யணும்" என்றாள் சுமையா. அழவில்லை, கோபமில்லை. ஊர் பேர் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த உலை வைக்கப் போய்விட்டாள்.

இது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. விளையாடுகிறாளே என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறேன், உடனே பயமும் வருகிறது. செப்டம்பரில் டாக்டர் என்ன சொல்வாரோ. இரவில் அவள் விரல்களைப் பிடித்து அழுத்திப் பார்க்கிறேன், வலு ஏறியிருக்கிறதா என்று.

லீவைத் தள்ளிப்போட்டு அடுத்த நோன்புக்கு வருவதாகப் போன வாரம் சொன்னீர்கள். பேட்டரி கார் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், அதை முன்னாலேயே அனுப்புவதாகவும் சொன்னீர்கள். அவள் மடியில் இருந்ததால் நான் சரி என்றேன். அந்தச் 'சரி'யை இந்தக் கடிதத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கார் வேண்டாம். அங்கே நீங்கள் வேலை பார்க்கும் கடையில் ஆள் குறைவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செப்டம்பருக்கு வரப் பாருங்கள். வெறுங்கையோடு வாருங்கள். கொல்லைச் சேற்றில் உட்கார ஒரு பழைய கைலி இங்கேயே இருக்கிறது.

அந்தச் சாவியைச் சுமையா தன் கவுன் பையில் வைத்திருக்கிறாள். தூங்கும்போதுகூடத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கரடி இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. சாவியை நீங்கள் வந்து அவளிடம் கேளுங்கள் மச்சான்.

உங்கள் உடம்பையும் உழைப்பையும் அல்லாஹ் பாதுகாக்கட்டும். உங்களை எங்களிடம் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்,
தஹ்மீனா