முடிச்சுப் போட்ட ஒயர்

சத்துவாச்சாரி வீட்டின் முன்பக்கத்தில் குடியிருந்த உனக்கு,

இன்று காலை எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு பிரெயில் மெஷின் வந்தது. கைபேசிக்குப் போடும் அதே சார்ஜர்தான் இதற்கும். இரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டு அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. கூடவே நீ நினைவுக்கு வந்துவிட்டாய். நீ போய் மூன்று வருடம் ஆகிறது. யாரிடமாவது சொல்வதைவிட உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்போது நமக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. நானும் அம்மாவும் பின்பக்கக் குடித்தனம். நீ தினமும் கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போய் ஷூவுக்கு மேல்தோல் தைத்துவிட்டு வருவாய். உன் கையில் ஒட்டியிருக்கும் சொல்யூஷன் பசையின் வாசனைதான் நீ திரும்பிவிட்டதை எனக்குச் சொல்லும். எனக்குப் பிறவியிலேயே பார்வையில்லை என்பதை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் எம்.ஏ. வரலாறு கடைசி வருடம். அதற்கு முந்தைய தேர்வில், நான் சொல்லச் சொல்ல எழுதிய பெண் பாதியை விட்டுவிட்டாள். அந்தத் தாளில் தவறிவிட்டேன். இந்த முறை நானே எழுதுகிறேன் என்று சண்டை போட்டு, கல்லூரியிலிருந்து எலக்ட்ரானிக் பிரெயில் மெஷினை இரவல் வாங்கினேன். விசையை லேசாக அழுத்தினால் போதும், உள்ளே மோட்டார் ஓடித் தாளில் புள்ளி குத்தும். பிரெயில் தெரிந்த ஆசிரியர் ஒருவர் என் விடைத்தாளைத் திருத்துவதாக ஏற்பாடு.

தப்பு என்னுடையதுதான். இரவல் பொருள் கெட்டுவிடக் கூடாதே என்று துணியில் சுற்றி மூன்று மாதம் பீரோவில் வைத்திருந்தேன். ஒருநாள்கூட சார்ஜ் போடவில்லை. தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, பகல் முழுக்க சார்ஜ் போட்டு எழுதிப் பார்த்தேன். பத்தாவது வரியில் மூன்று தடவை பீப் அடித்தது. விரலுக்கடியில் புள்ளிகள் மெலிந்துகொண்டே வந்து இல்லாமலே போயின. பிளக்கை மாட்டினால் மட்டும் ஓடியது. சரி, கரண்டிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் நீ பேப்பர் படித்துச் சொன்னாய்: தேர்வன்று கல்லூரிப் பக்கம் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்தடை. கல்லூரி ஜெனரேட்டரோ ஆபீஸுக்கு மட்டும்தான்.

“பேஜார்டி. மறுபடி ஆள் வச்சே எழுதிக்கிறேன்” என்றேன்.

“இன்னா பேசற நீ? பேட்டரிதான செத்துது, மெஷின் நல்லாத்தான இருக்குது. அந்த அடாப்டரைக் குடு, எங்க கம்பெனி எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டிட்டு வர்றேன்.”

அவர் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வோல்ட்தான், ஸ்கூட்டர் பேட்டரியே தாங்கும், ஆனால் பிளஸ் மைனஸ் மாறினால் மெஷின் கருகிவிடும் என்றாராம். நுனியில் இரண்டு கிளிப் வைத்து ஒரு ஒயரும் செய்து கொடுத்தார். நீ உன் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றினாய். பிளஸ் ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டாய். பேட்டரியின் பிளஸ் பக்கத்தில் ஒரு தோல் துண்டை ஒட்டினாய். “முடிச்சு தோலுக்கு. நீயே மாட்டு” என்று இருபது தடவை மாட்டிக் கழற்ற வைத்தாய். எரிச்சலாகத்தான் இருந்தது.

தேர்வன்று லீவு போட்டுவிட்டு, பேட்டரியை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு என்னோடு ஷேர் ஆட்டோவில் வந்தாய். கண்காணிப்பாளர் தயங்கினார். “பேட்டரியெல்லாம் உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா.”

“கரண்ட் இருந்தா நாங்க ஏன் சார் இதைத் தூக்கிட்டு வர்றோம்?” என்றாய். அவர் பேட்டரியை உள்ளே விட்டார். உன்னை வாசலோடு நிறுத்திவிட்டார்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். என் கால் பட்டுக் கூடை சரிந்தது. மெஷின் நின்றுவிட்டது. யாரும் உதவிக்கு வரவில்லை, வந்தாலும் எதை எங்கே மாட்டுவது என்று அவர்களுக்குத் தெரியாது. கீழே உட்கார்ந்து தடவினேன். இரண்டு கிளிப்பும் கழன்று கிடந்தன. முடிச்சு கிடைத்தது, தோல் கிடைத்தது. மாட்டினேன். மோட்டார் ஓடியது. மிச்சத்தையும் எழுதி முடித்தேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாய். “மெஷின் சத்தம் நின்னதும் எனக்கு உயிரே இல்லடி” என்றாய். அந்தத் தாளில் தேறினேன், அப்புறம் டீச்சரும் ஆனேன். உன் ஸ்கூட்டரில் நாம் எத்தனை தடவை காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்குப் போயிருப்போம். கணக்கில்லை.

ஒன்றைப் பற்றி மட்டும் உன்னிடம் பேசியதே இல்லை. அன்று வாசலில் கண்காணிப்பாளர் உன்னைப் பார்த்து, “அவங்க நல்லா எழுதினாங்களாம்மா?” என்று கேட்டார். அதுவரை என்னைப் பற்றி எல்லாரும் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவரும் பதில் சொல்லிவிடுவார். நீ சொல்லவில்லை. “எழுதுனது அவதான சார், அவளையே கேளுங்க” என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, “நல்லா எழுதினியாம்மா?” என்றார். “நல்லா எழுதியிருக்கேன் சார்” என்றேன்.

நீ கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, உனக்குக் கஞ்சி வேண்டுமா என்று நர்ஸ் என்னிடம் கேட்டார். அவளையே கேளுங்க சிஸ்டர் என்றேன். நீ மெதுவாகச் சிரித்த சத்தம் கேட்டது. குடிக்கிறேன் என்று நீயே சொன்னாய்.

இப்போது என் வகுப்பில் பார்வையில்லாத பதினொரு பிள்ளைகள். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் என்னிடம் விசாரிப்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. அந்தப் பிள்ளையின் தோளைத் தொட்டு முன்னால் நிறுத்திவிட்டு, நான் சும்மா இருந்துவிடுகிறேன்.