பத்தாம் நம்பர் பிளேடு

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒன்பது நாய்கள், ஒரு கடி. கடித்தது பெரிய நாய் இல்லை. பெரிய நாய்கள் மரியாதை தெரிந்தவை. உள்ளங்கை அளவு வெள்ளைச் சனியன் ஒன்று, நகம் வெட்டும்போது கட்டைவிரலில் பல்லை இறக்கிவிட்டது. அதன் எஜமானி, "அச்சச்சோ, பயந்துட்டியா செல்லம்?" என்றாள். என்னைப் பார்த்து இல்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா ஜன்னல் பக்கத்து நாற்காலியில். விரலில் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு நர்சம்மா? ஊசி குத்திடுச்சா?" என்றாள். ஆமாம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நான் உன் பொண்ணும்மா என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன். "எனக்குப் பொண்ணே கிடையாதே" என்றாள், கடைக்காரரிடம் சில்லறை இல்லை என்று சொல்வதுபோல.

ஆனால் சோபாவுக்கு அடியிலிருந்து அவள் நாய் பொட்டலம் எழுந்து வந்ததும் முகமே வேறு. "வந்துட்டியாடா என் ராஜா! காலையிலேருந்து எங்கடா போன?" எங்கேயும் போகவில்லை அது. நாள் முழுக்க அங்கேதான் கிடந்து குறட்டை விட்டிருக்கும்.

பொட்டலம் என்ன இனம் என்று, நான் நாய்களுக்கு முடி வெட்டும் கடையில் எல்லோரும் கேட்பார்கள். முகம் ஒரு இனம், வால் ஒரு இனம், முதுகில் சுருட்டை, காதில் நீட்டம், கண்ணை மறைக்கும் முன்முடி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கலப்படம். நானும் அம்மாவும் பேசாமல் இருந்த பதிமூன்று வருஷத்தில் எப்போதோ தெருவிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். ரெண்டு வருஷம் முன்னால், அவளுக்குத் தன் வீட்டு வாசலே தெரியாமல் போய், பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்து, நான் பெட்டியோடு வந்து நின்றபோது கதவில் என்னைப் பார்த்துக் குரைத்தது இதுதான்.

மார்ச் 5, புதன்

எனக்கு "நீங்க". நாய்க்கு "டா".

மார்ச் 9, ஞாயிறு

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். இருக்கிற ஞாபகமும் இந்த வருஷத்தோடு சரி.

அதற்குள் ஒரே ஒரு தடவை. "பாப்பா" என்று கூப்பிடட்டும், போதும். அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாள், நான் வேலைக்குப் போகிற வயதிலும். அவள் தலைமை ஆசிரியை. தன் பள்ளியிலேயே எனக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். இருபத்தொன்பது வயதில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நாய்களுக்கு முடி வெட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றேன். அத்தனை ஆசிரியர்கள் முன்னால், "கேட்டீங்களா, மகாராணி நாய்க்குச் சவரம் பண்ணப் போறாளாம்" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

அதெல்லாம் அவளுக்கு இப்போது அழிந்திருக்கும். இந்த வியாதியில் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. பெற்றவளுக்கு மகளைத் தெரியவில்லை, நாயை மட்டும் எப்படித் தெரிகிறது? அவளுக்குத் தெரிவது நாயா, அதன் முடியா? அந்த முன்முடியை எடுத்துவிட்டால்?

பார்ப்போமே. கத்தரி நம் கையில்தானே இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

முன்முடியை எடுத்தேன். ரெண்டு உருண்டைக் கண் வெளியே வந்தது. எனக்கே இத்தனை நாள் அதன் கண் நிறம் தெரியாது.

அம்மா: "அட, முடி வெட்டிக்கிட்டியா ராஜா! மாப்பிள்ளை மாதிரி இருக்கடா."

மார்ச் 23, ஞாயிறு

ஆட்டுக்குட்டி கட்டிங். உடம்பில் குட்டையாக வெட்டி, காலில் மட்டும் புசுபுசுவென்று விடுவது. ஒன்றரை மணி நேரம் வேலை. கடை முதலாளியம்மா பார்த்துவிட்டு, "உங்க கை தங்கக் கை" என்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "யாருடா உனக்குப் பேன்ட் போட்டு விட்டது?" என்று கேட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சிங்க கட்டிங். கழுத்தில் பிடரி, வால் நுனியில் குஞ்சம், மற்ற இடமெல்லாம் குட்டை முடி. தெருவில் ஒரு ஆள் வண்டியை நிறுத்திச் சிரித்தான். பொட்டலம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தது. நாய்க்கு அவமானம் தெரியாது என்பவர்கள் என் மேஜை பக்கம் ஒரு நாள் வந்து நிற்க வேண்டும்.

இந்தத் தடவை அம்மாவுக்கு ரெண்டு நிமிஷம் பிடித்தது. காதைத் தடவித் தடவிப் பார்த்தாள். நீளக் காதுமுடியை நான் வெட்டாமல் விட்டிருந்தேன். தப்பு. "நம்ம பய தான்" என்றாள் கடைசியில்.

அவ்வளவு வேஷம் போட்ட நாயைத் தெரியுது. ஒரு வேஷமும் போடாம எதிர்ல நிக்கிறேனே, என்னை?

ஏப்ரல் 17, வியாழன்

இன்று செய்துவிட்டேன்.

பத்தாம் நம்பர் பிளேடு. சடை விழுந்து சிக்கான நாய்க்குத்தான் அதை மெஷினில் மாட்டுவோம். தோல் தெரிய எடுத்துவிடும். பொட்டலத்துக்கு ரெண்டு அடுக்கு முடி: மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு. இந்த மாதிரி நாயை ஒட்டச் சிரைத்தால் மேல்முடி திரும்ப ஒழுங்காக வராது. திட்டுத்திட்டாக, தீய்ந்த கம்பளம் மாதிரி வரும். இதை நான் வாரத்துக்கு மூன்று பேருக்குச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். முதலாளியம்மா ஓடி வந்து, "என்ன பண்றீங்க!" என்றாள். உள்ளே சடை விழுந்துவிட்டது, வேறு வழியில்லை என்றேன். ஒரு சடை கூட இல்லை. தினமும் சீவுகிறவளே நான்தான்.

முகம், காது, வால், ஒன்றையும் விடவில்லை. அது ஆடாமல் நின்றது. என்னை நம்பி நின்றது என்று எழுத வருகிறது, எழுதினால் எழுதிவிட்டுப் போகிறேன்.

வீட்டில் வழக்கம்போல அம்மா மடியைப் பார்த்து ஓடியது. "சீ! சீ! யார் வீட்டுப் பெருச்சாளி இது? வெளிய போடுங்க நர்சம்மா!" கைத்தடியால் ஓங்கி ஒன்று வைத்தாள். விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டு திரும்பப் போனது. ரெண்டாவது அடி மூக்கில். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை.

பிறகு என் காலடியில் வந்து உட்கார்ந்தது. வாடா ராஜா, இப்ப நீயும் நானும் ஒண்ணு.

ஏப்ரல் 18, வெள்ளி

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆமாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாய் போனால் அந்த இடம் காலியாகும், அம்மா என்னைப் பார்ப்பாள் என்று கணக்குப் போட்டேன். அவள் ஜன்னலைப் பார்க்கிறாள். "பொட்டலம்... பொட்டலம்..." அவள் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் இது எழுந்து ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும் தடி.

மடியில் நாய் இருந்தால்தான் அவள் சாப்பிடுவாள். அதற்கு ஒரு வாய், இவளுக்கு ஒரு வாய். நாலு நாளாக வெறும் பால். "இதுதாம்மா பொட்டலம்" என்று அதைத் தூக்கிக் காட்டினேன். "உங்களுக்கு மூளை கலங்கிடுச்சா நர்சம்மா?" என்றாள். அதைச் சொல்கிற ஆளைப் பாரேன்!

ஏப்ரல் 29, செவ்வாய்

பாலும் பாதி டம்ளர்தான். டாக்டர் திட்டினார். கை எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. குளிப்பாட்டும்போது பயமாக இருந்தது.

செத்துட்டா? என்னைக் கூப்பிடாமலே செத்துட்டா என்ன பண்ணுவேன்? — பாரு, அப்பவும் எனக்கு என்னைப் பத்தித்தான் கவலை. நல்ல பொண்ணு.

மே 3, சனி

போன வாரம் ஒருத்தி நாயைக் குளிப்பாட்ட விட்டுவிட்டுப் போனாள், திரும்பி வரவே இல்லை. போன் நம்பரும் பொய். பொட்டலத்தின் உயரம், அதே கலப்படம், காடு மாதிரி முடி. முதலாளியம்மா, "இதை யார் தலையில கட்டலாம்?" என்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலையில் கட்டுங்கள் என்றேன்.

எந்த நாயையும் எந்த நாய் மாதிரியும் ஆக்கலாம். முடி மட்டும் வேண்டும். பொட்டலத்தின் பழைய போட்டோவை மேஜையில் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம். முன்முடி கண் மறைக்க, முதுகு கொஞ்சம் குறைவாக, காது நுனிக்குப் பழுப்பு நிறம் தடவி. முடித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இது பெட்டை நாய், அது ஒன்றுதான் வித்தியாசம். நகல் என்று பேர் வைத்தேன்.

"வந்துட்டியாடா! எங்கடா போன, என் உயிரை எடுத்துட்டு?" அம்மா அழுதாள். நகலுக்கு அவள் யார் என்றே தெரியாது. பயத்தில் மடியிலேயே மூத்திரம் போய்விட்டது. "பரவால்லடா, பரவால்ல." ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிஜப் பொட்டலம் தன் பேரைக் கேட்டு வாலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

மே 4, ஞாயிறு

பொட்டலத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மொட்டைத் தோலில் தேங்காயெண்ணெய் தடவினேன்.

மே 11, ஞாயிறு

ஆக, முடிதான். உள்ளே இருக்கும் நாய் எதுவானாலும் சரி.

அப்போ எனக்கு?

அம்மாவிடம் இருந்த காலத்தில் எனக்கு இடுப்புக்குக் கீழே ஜடை. இந்தத் தொழிலுக்கு வந்ததும் ஒட்ட வெட்டிவிட்டேன். இப்போது முக்கால்வாசி நரை. ஒரு வாரமாக இதுவேதான் மண்டையில் ஓடுகிறது. பீரோவில் அவள் பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒன்று கிடைத்தது. பின் வரிசையில் நான், நடு வகிடு, ஜடை முன்னால் தொங்குகிறது. என்னுடைய ஒரே தெளிவான படம் அதுதான். கறுப்புச் சாயமும் நீளமாக ஒரு சவுரியும் வாங்கி வந்தேன். நாயை நாயாக்கினவளுக்கு மகளை மகளாக்க முடியாதா?

மே 15, வியாழன்

லீவு போட்டேன். சாயம் போட்டு, சவுரி வைத்துப் பின்னி, போட்டோவோடு சரிபார்த்து, சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் எதிரில் போய் நின்றேன்.

பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கையை நீட்டி ஜடை நுனியைப் பிடித்தாள்.

"பாப்பா."

கேட்டுட்டேன். பதினஞ்சு வருஷம். அம்மான்னு கால்ல விழுந்து மடியில முகத்த வச்சிக்கிட்டேன். தலையில கை வச்சா. அஞ்சு நொடி இருக்குமா? பத்து?

அப்புறம் ஜடையைப் பிடிச்சு இழுத்து முகத்தைத் தூக்குனா.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுடி திரும்பி வந்த? நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தியா?"

எல்லாம் இருக்கு. ஒண்ணுகூட அழியல. அந்த ஆசிரியர் அறை, யார் யார் எங்க உக்காந்திருந்தாங்க, நான் சொன்னது, அவ சொன்னது. நான் போனப்புறம், பொண்ணு எங்கன்னு ஊரே அவளைக் கேட்டது. "நாய்க்குச் சவரம் பண்றியே, நல்லா பண்றியா? உன்னப் பெத்த நேரத்துக்கு ஒரு நாய வளத்திருந்தா நன்றியோட இருந்திருக்கும்னு அன்னிக்கே நினைச்சேன். வளத்தேன். இருக்கு பாரு." மடியில இருந்த நகலைத் தட்டிக் கொடுத்தா. "பொண்ணு இருக்காளான்னு எவ கேட்டாலும் கிடையாதுன்னுதான் சொல்றேன். போ. போடி வெளிய."

அம்மா, வியாதி சொல்லுதா, நீ சொல்றியா?

குரல் தலைமை ஆசிரியை குரல். தெளிவாக, ஒரு வார்த்தை தடுமாறாமல். அந்தக் கடைசி வருஷத்துப் படத்தைப் போய் எடுத்திருக்கிறேன் நான். எட்டு வயது ரெட்டை ஜடையில் போய் நின்றிருந்தாலும் நாற்பத்து நாலு வயது மூஞ்சிக்கு அது ஒட்டாது. என் கைவசம் இருந்த ஒரே தலை, அவள் என்னைத் துரத்தின தலை.

வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். மொட்டைப் பொட்டலமும் பின்னாலேயே வந்தது.

மே 16, வெள்ளி

சவுரியைக் குப்பையில் போட்டேன். கடையில் ஆள் வருவதற்கு முன்னால் மெஷினை எடுத்து என் தலையில் வைத்தேன். ரெண்டு நிமிஷ வேலை.

ஜூன் 8, ஞாயிறு

பொட்டலத்துக்கு முடி நான் பயந்த மாதிரியேதான் வந்திருக்கிறது: முதுகில் ரெண்டு திட்டு, வாலில் ஒன்றுமில்லை. தினமும் கூடவே கடைக்கு வருகிறது. மேஜைக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "தோல் வியாதியா? ஒட்டிக்குமா?" என்று கேட்கிறார்கள். பிளேடு வேலை என்று சொன்னால், "எந்தப் படுபாவி செஞ்சது?" என்கிறார்கள். வேறு கடை என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா எடை கூடியிருக்கிறாள். இன்று காலையில் நகலுக்கு ஊட்டிக்கொண்டே என்னைக் கிட்டே வரச் சொன்னாள். ரகசியம் சொல்கிற குரல்.

"நர்சம்மா, அன்னிக்கு என் பொண்ணு வந்திருந்தா."

"அப்படியாம்மா?"

"நீங்க இல்ல அப்போ. நீங்க நல்லவங்க, உங்களுக்கு அவளைத் தெரியாது. திரும்ப வந்தா கதவைத் திறக்காதீங்க."

"திறக்க மாட்டேம்மா" என்றேன். வாயைத் துடைத்துவிட்டேன்.